அப்பாவின் கெண்டைக்கால்

டிசம்பர் 4, 2023, திங்கள்

விடிகாலை நாலு மணிக்கு அப்பா எழுப்பினார். ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர். வாசல் வழியாக வரவில்லை, குளியலறைச் சாக்கடைத் துளையிலிருந்து கொப்பளித்துக்கொண்டு வந்தது. தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பி, போன கழிவெல்லாம் வீட்டுக்குள் திரும்பியிருக்கிறது. உடனே மெயினை அணைத்தோம். பத்து மணிக்கு முட்டி வரை ஏறிவிட்டது. அரிசி, சிலிண்டர், அப்பாவின் இன்சுலின் எல்லாவற்றையும் மாடி வீட்டு அக்காவிடம் கொண்டுபோய் வைத்தோம். அப்பா வெறுங்காலோடு ஏழெட்டு முறை இறங்கி ஏறினார்.

சென்னை வேளச்சேரியில் 2015-லும் இதே தெருவில் நின்றோம். அப்போதும் இதே கறுப்பு, இதே நாற்றம். மழைத்தண்ணி, மழைத்தண்ணி என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கிறது. மழை இந்த நிறத்திலா பெய்யும்?

டிசம்பர் 6

தண்ணீர் மெல்ல இறங்குகிறது. இரவு அப்பாவின் காலைத் துடைத்தபோது வலது உள்ளங்காலில் வெட்டு. ஓடு கிழித்திருக்க வேண்டும். எப்போது என்று அவருக்கே தெரியவில்லை. இருபது வருஷச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோய்விட்டது. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவிவிட்டேன். காலையில் முதல் வேலை டெட்டனஸ் ஊசி.

டிசம்பர் 8

இன்று முழுக்க சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வேலை. மூடி மட்டத்துக்கு மேல் வெள்ளம் நின்றதால் உள்ளே இருப்பது குடிநீர் இல்லை, சாக்கடை. எல்லாவற்றையும் இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவினோம். பிறகு லாரித் தண்ணீர் நிரப்பி பிளீச்சிங் பவுடர் போட்டோம். தெளிந்த தண்ணீருக்கு 1000 லிட்டருக்கு சுமார் இரண்டரை கிராம். பக்கெட்டில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். பலர் இறைக்காமலேயே பவுடரைக் கொட்டுகிறார்கள். சேறு இருந்தால் குளோரினை அதுவே தின்றுவிடும், கிருமிக்கு மிஞ்சாது. திறந்து வைத்த பழைய பொட்டலத்திலும் வீரியம் இருக்காது. இத்தனை செய்த பிறகும் குடிக்க, பல் துலக்கக் கொதித்து ஆறிய தண்ணீர்தான். மாடி வீட்டு அக்காவின் மருமகள் ஆறு மாத கர்ப்பிணி. அசுத்தத் தண்ணீரில் வரும் ஹெபடைட்டிஸ் ஈ மஞ்சள் காமாலை கர்ப்பிணிகளின் உயிருக்கே ஆபத்து என்பதால் அவளுக்குத் தனிக் குடம்.

தெருவில் குப்பை அள்ள வெளி மாவட்டத்திலிருந்து ஒரு அக்கா வந்திருக்கிறார். காலில் சாதாரண ரப்பர் செருப்பு. "பூட்ஸ் குடுத்தாங்கம்மா, சைஸ் பெருசு, சேத்துல கழண்டுக்குது" என்றார். மெத்தை, செத்த எலி, சானிட்டரி நாப்கின் எல்லாம் அவர் கையால்தான் வெளியே போகிறது. நாங்கள் மூன்று நாள் நின்ற தண்ணீரில் அவர் மாதம் முழுக்க நிற்பார். சரியான அளவில் பூட்ஸ் கொடுப்பது அவ்வளவு பெரிய காரியமா?

டிசம்பர் 14

தெரு காய்ந்துவிட்டது. அப்பாவுக்கு நேற்றிலிருந்து 102 டிகிரி காய்ச்சல். டெங்கு என்று நினைத்தேன். டாக்டர் கெண்டைக்காலை அழுத்தியதும் அப்பா அலறிவிட்டார். கண்ணும் சிவந்திருந்தது.

"வெள்ளத்துல நடந்தீங்களா ஐயா? எத்தனை நாள் ஆச்சு?"

பத்து நாள். எலிக்காய்ச்சலாக இருக்கலாம், ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று மருந்தை இன்றே தொடங்கிவிட்டார். ஆரம்ப நாட்களில் ரத்தப் பரிசோதனை நோய் இல்லை என்றே காட்டக்கூடுமாம். எலி, நாய், மாடு இவற்றின் சிறுநீரிலிருந்து லெப்டோஸ்பைரா கிருமி தண்ணீரில் கலந்து, வெட்டு வழியாகவோ ஊறிப்போன தோல் வழியாகவோ உடம்புக்குள் போகிறது. காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில், சிலருக்கு ஒரு மாதம் கழித்துக்கூட வரும். அதற்குள் வீட்டைக் கழுவி, நாமும் தண்ணீரை மறந்திருப்போம். டாக்டர் கேட்டிருக்காவிட்டால் நான் சொல்லியிருக்கவே மாட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது தண்ணீரில் இறங்கியவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்க வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை 200 மி.கி. கொடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஆகாது, டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும். அந்தக் குப்பை அள்ளிய அக்காவுக்கு யாராவது கொடுத்திருப்பார்களா?

டிசம்பர் 16

காய்ச்சல் இறங்கியது. சிறுநீரகத்தைத் தாக்கும் நோய் என்பதால் சிறுநீரை அளந்து எழுதுகிறேன். நன்றாகப் போகிறது.

டிசம்பர் 18

தெற்கே தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரை தாண்டிவிட்டது. ஏரலில் இருக்கும் அத்தைக்குப் போன் போகவில்லை.

டிசம்பர் 21

அத்தை பேசிவிட்டாள்! மாடியில் இருக்கிறார்கள், கீழே இடுப்பளவு நின்று வடிகிறதாம். அப்பா என்னிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டார். "செருப்புப் போடாம இறங்காதே தாயி. கால்ல புண்ணு இருந்தா இறங்கவே இறங்காதே. இன்னைத் தேதிய காலண்டர்ல குறிச்சு வை. ஒரு மாசத்துக்குள்ள யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டர் கேக்குற வரைக்கும் காத்திருக்காதே, வெள்ளத்துல நின்னோம்னு நீயே சொல்லு."

அத்தை எதையோ சொல்லிச் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்.