நடவுக்கு ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

திருவாரூர் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர். சம்பா நடவு முடிந்துவிட்டது, ஆனால் நடவுக்கு ஆள் கூட்டி வருவதாகச் சொன்ன ஏஜென்ட் மேல் இருக்கிற கோபம் இன்னும் அடங்கவில்லை. நாற்று விட்டது, உழவு, சேறடித்தது எல்லாம் தடையில்லாமல் போனது. உள்ளூரில் ஆள் கிடைக்காமல் மேற்கு வங்கத்து ஆட்களை வைத்து நடுவது டெல்டாவில் இப்போது சகஜம்தான்.

பறியலும் (நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பிடுங்குவது) சேர்த்து ஏக்கருக்கு 5,000 ரூபாய் என்று பேசி ஏஜென்ட் முன்பணம் வாங்கிக்கொண்டார். சொன்ன தேதியில் ஆள் வரவில்லை. கேட்டால் ரயில் தாமதம், சென்னையில் இறங்கிவிட்டார்கள், நாளைக்கு நிச்சயம் என்று தினம் ஒரு பதில். கடைசியில் பார்த்தால் எனக்கென்று வந்த குழுவைப் பக்கத்து ஊரில் 500 ரூபாய் கூடக் கொடுத்தவர் வயலில் இறக்கியிருக்கிறார். இங்கே நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, முற்றிய நாற்றை நட்டால் சரியாகத் தூர் கட்டாது (பக்கக் கிளைகள் வெடிக்காது), அந்த நஷ்டத்தை யார் கொடுப்பார்கள்?

இந்தி தெரிந்த தெருப் பையனைக் கூட்டிக்கொண்டு நேராக அந்த வயலுக்கே போனேன். குழுத் தலைவர் சொன்னதைக் கேட்டு வயிறு எரிந்தது. அவர்கள் கைக்கு வருவது ஏக்கருக்கு 4,000 தான், அதிலும் ஏஜென்ட் ரயில் செலவைப் பிடித்துக்கொள்கிறாராம். நான் காத்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. ஒப்பந்தக்காரர் உரிமம் எடுக்க வேண்டும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் போட்டோ ஒட்டிய பாஸ்புக் தர வேண்டும் என்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979 சட்டத்திலேயே இருந்தது. இவர்களில் ஒருவரும் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

சரி என்று அங்கேயே ஏக்கருக்கு 4,700 ரூபாய்க்கு நேரடியாகப் பேசி முடித்தேன். களத்துக் கொட்டகையில் தங்க இடம், அரிசி, உருளைக்கிழங்கு, அலைந்து தேடி வாங்கிய கடுகெண்ணெய். விடியும் முன்பே பறியலுக்கு இறங்கிவிடுவார்கள், நடவு அவ்வளவு சுத்தம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்காரவைத்துக் கேட்ட பிறகு முன்பணமும் திரும்பி வந்தது.

ஏஜென்ட் மூலமாகத்தான் போவீர்கள் என்றாலும் குழுத் தலைவர் நம்பரை வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். மீதித் தொகையை எல்லா ஆட்களும் பார்க்க எண்ணிக் கொடுங்கள். அவர்களுடைய ஆதார் அட்டையை ஏஜென்ட் வாங்கி வைத்திருந்தால், அந்த ஆளிடம் போகவே வேண்டாம். அடுத்த வருடத்துக்குத் தலைவரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். எங்கள் வாய்க்கால் பாசனக்காரர்கள் சேர்ந்து தொடர்ச்சியாக வேலை கொடுத்தால் ரயில் செலவு கேட்கமாட்டோம் என்றார், அதற்குத்தான் இப்போது ஒவ்வொருவரிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.