பழைய கேஸ் கீசருக்கு வால்வு தேடி மூணாறுலேர்ந்து மதுரை வரைக்கும்

மூணாறுல வெந்நீர் இல்லாம குடியிருக்க முடியாதுன்னு சொன்னா கீழ தேனில இருக்கிற எங்க சொந்தக்காரங்க சிரிப்பாங்க. ஜனவரி மாசம் ஒருதடவ வந்து செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட் பக்கம் காலைல புல்லு மேல வெள்ளையா கிடக்கிற உறைபனிய பாத்துட்டு, அப்புறம் பச்சத்தண்ணில குளிச்சுட்டு சிரிங்கன்னு சொல்லுவேன். லயத்துல, அதாவது எஸ்டேட் வரிசை வீட்ல இருந்த காலத்துல கிராண்டிஸ்ங்கிற யூகலிப்டஸ் விறகுதான், அண்டால காய்ச்சி ஊத்திக்குவோம். இப்ப வீட்ல விறகும் இல்ல, பொளக்க ஆளும் இல்ல. கரண்ட் கீசர் போடலாமேம்பாங்க, ஜூன் ஜூலைல மரம் லைன் மேல விழுந்து கரண்ட் எப்ப வரும்னு தெரியாம உக்காந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும் அதோட லட்சணம். அதனால வீட்டு வெளிச்செவுத்துல மாட்டியிருக்கிற பழைய கேஸ் கீசர்தான் எங்களுக்கு எல்லாம், அம்மாவோட மூட்டு வலிக்கு ஒத்தடத்துலேர்ந்து பாத்திரம் கழுவுறது வரைக்கும்.

அந்த கீசர்ல வந்த கோளாறு என்னன்னா குழாய மூடுனா உள்ள எரியுற பர்னர் தீ உடனே அணையல. முதல்ல லேசா, ஒரு நொடி ரெண்டு நொடி இழுத்துட்டு அணைஞ்சுச்சு, அப்புறம் அது நீண்டுகிட்டே போச்சு. பத்திக்காம போறது வேற, அணையாம நிக்கிறது வேற. பத்தலைன்னா பச்சத்தண்ணிதான் வரும், அணையலைன்னா உள்ள செப்பு காயில்ல நிக்கிற தண்ணி கொதிக்க ஆரம்பிச்சுரும், அடுத்து குழாய தொறக்கிறவங்க கையில ஆவியா வந்து அடிக்கும். அன்னிக்கே ரெகுலேட்டர மூடிட்டு, புது வால்வு வர்ற வரைக்கும் இத யாரும் தொடக்கூடாதுன்னு வீட்ல சொல்லிட்டேன்.

இது ஏன் இப்படி ஆகுதுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா கடையில கேக்கும்போது இது தெரிஞ்சாத்தான் சரியான சாமான் வாங்க முடியும். இந்த மாதிரி கீசர்ல தண்ணி வால்வும் கேஸ் வால்வும் ஒரே உடம்பு. தண்ணி ஓடும்போது நடுவுல இருக்கிற டயாப்ரத்துக்கு, அதாவது மெல்லிசான ரப்பர் தகட்டுக்கு, ரெண்டு பக்கமும் பிரஷர் வித்தியாசம் வரும், ஒரு பக்கம் தள்ளும், அது ஒரு பின்ன தள்ளும், அந்த பின்னு கேஸ் வழிய மூடியிருக்கிற தட்ட தொறக்கும், அதே பின்னு ஒரு மைக்ரோ சுவிட்சையும் தட்டும். சுவிட்ச் விழுந்ததும் ரெண்டு பெரிய பேட்டரி செல்லு, அதாவது 3 வோல்ட்டு, அதுலேர்ந்து பொறி அடிக்கும், சோலினாய்டு, அதாவது கரண்ட்ல வேலை செய்யுற கேஸ் வால்வு, தொறக்கும், தீ பிடிக்கும். தண்ணி நின்னா ஸ்பிரிங் எல்லாத்தையும் திருப்பி தள்ளிரும். இதுல கவனிக்க வேண்டிய விஷயம், கேஸ மூடுறதுக்கு ரெண்டு காவல் இருக்கு, ஒண்ணு தட்டு, இன்னொண்ணு சோலினாய்டு, ஆனா ரெண்டும் அந்த ஒத்த பின்ன நம்பித்தான் இருக்கு. பின்னு உப்பு பிடிச்சு சிக்குச்சுன்னா தட்டும் மூடாது, சுவிட்சும் விடாது, சோலினாய்டும் தொறந்தே நிக்கும். அதுக்கு மேல மிச்சம் இருக்கிறது செப்பு காயில் மேல ஒட்டியிருக்கிற, ரொம்ப சூடானா கீசர அணைக்கிற ஓவர்ஹீட் கட்டு மட்டும்தான். அதனால டயாப்ரம் மட்டும் மாத்துனா போதும், கொஞ்சம் கிரீஸ் தடவுனா போதும்னு சொன்னவங்க பேச்ச நான் கேக்கல. டயாப்ரம் கிழிஞ்சா கீசர் பத்தாது, அவ்வளவுதான், அது ரப்பர் மாத்துற வேலை. பின்னும் அது ஓடுற பித்தளை துளையும் தேஞ்சு போச்சுன்னா முழு செட்டும் மாத்தணும்.

சரி தேடுவோம்னு கிளம்புனா, மூணாறு பஜார்ல முதல் கடையிலயே "அது இப்போ வருன்னில்ல சேட்டா, புதிய ஒண்ணு வாங்கிக்கோ"ன்னு முடிச்சுட்டாங்க. கீசர் கம்பெனி சர்வீஸ் நம்பருக்கு போன் போட்டா (பேர் வேண்டாம்) மாடல் நிறுத்திட்டோம் சார், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு தர்றோம்னு பேசுறாங்க. பழைய கீசர்ல இருக்கிற காயில் நல்ல கனமான செப்பு, இப்ப வர்றது கையில எடுத்தாலே வித்தியாசம் தெரியுது, அத எடைக்கு போட எனக்கு மனசு வரல. அடிமாலில ஒருத்தர் இது சிலிண்டர் கோளாறா இருக்கும்னு சொன்னாரு. குளிர்காலத்துல அப்படி ஒண்ணு வர்றது நிஜம்தான், பூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்கு கீழ போனா ஆவியே ஆகாது, புரோபேன் மைனஸ் 42 வரைக்கும் ஆகும், நம்ம சிலிண்டர்ல ரெண்டும் கலந்து இருக்கறதால உறைபனி காலைல வெளிய வச்ச சிலிண்டர் மந்தமாத்தான் வேலை செய்யும். ஆனா அதனால தீ சின்னதாகும், அணையாம நிக்காது. அவருக்கு இத சொல்லி புரிய வைக்கறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு.

வழி காட்டுனவர் போடில பழைய அடுப்பு ரிப்பேர் பண்ற ஒரு பெரியவர். போடிமெட்டு இறங்கி போனேன், அந்த 17 கொண்டை ஊசி வளைவுல வயித்த கலக்குனதுக்கு பலன் கிடைச்சுச்சுன்னுதான் சொல்லணும். "தம்பி, கம்பெனி பேர் சொல்லி கேட்டா எவனும் தர மாட்டான். எல்லா கம்பெனியும் நாலஞ்சு அச்சுலதான் வால்வு ஊத்துறான், அளவ எடுத்துட்டு போய் கேளு"ன்னாரு. என்னென்ன அளவுன்னு அவரே சொல்லிக்கொடுத்தாரு. டயாப்ரத்தோட விட்டம், எங்களுது 73 மில்லி. தண்ணி வர்ற பக்கம் அரை இஞ்ச் மரையா. பர்னருக்கு போற கேஸ் வாய்ல ரெண்டு ஸ்க்ரூ ஓட்டைக்கு நடுவுல எவ்வளவு தூரம். குமிழ் தண்டு எந்த பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு. மைக்ரோ சுவிட்ச் இடதா வலதா. சோலினாய்டுல ரெண்டு ஒயரா மூணு ஒயரா, ஏன்னா மூணு ஒயர் மாடல்ல இழுக்க ஒரு காயில், பிடிச்சு வைக்க ஒரு காயில்னு தனித்தனியா இருக்கும், அது கண்ட்ரோல் பாக்ஸோட பொருந்தலைன்னா வால்வு சரியா இருந்தும் வேலைக்காகாது. காலிப்பர் இல்லாதவங்க பழைய வால்வ கழட்டி கையோட கொண்டு போயிருங்க, போட்டோ மட்டும் காட்டுனா கடைக்காரன் ஆமா ஆமான்னு எதையாவது தலைல கட்டிருவான்.

ஆன்லைன்லயும் நிறைய கிடக்குது, பாதிக்கு மேல சீனா சாமான். அதுல பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, கேஸ் எந்த வகைன்னு. எல்பிஜின்னா கேஸ் பிரஷர் 2800 பாஸ்கல்னு போட்டிருப்பான், பைப்ல வர்ற இயற்கை எரிவாயுன்னா 2000. நம்ம ஊரு வீட்டு ரெகுலேட்டர் குடுக்கிறது சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம், கணக்கு போட்டா கிட்டத்தட்ட 2940 பாஸ்கல் வரும், அதனால 2800க்காரன் சரியா வரும். 2000க்காரன வாங்கி மாட்டி, கேஸ் பீச்சுற நாசில் ஓட்டைய சாலிடர் வச்சு சின்னதாக்கிக்கலாம்னு ஒரு வீடியோல ஒருத்தர் காட்டுறாரு, அந்த வீடியோவுக்கு லைக் வேற. தண்ணில ஜுகாடு, அதாவது ஒப்பேத்துற வேலை பண்ணலாம், கேஸ்ல பண்ணக்கூடாது.

கடைசில கிடைச்சது மதுரைல, லாட்ஜுங்களுக்கு கீசர் மாட்டி சர்வீஸ் பண்ற ஒருத்தரோட கடை. பழைய வால்வ மேஜைல வச்சதும் அண்ணன் ஒண்ணும் பேசல, உள்ள போய் ஒரு அட்டப்பெட்டிய கொண்டு வந்து கொட்டுனாரு, அதுல இருந்து ஒண்ண எடுத்து கேஸ் வாயோட வாய் வச்சு பாத்தாரு, ஓட்டைக்கு ஓட்டை உக்காந்துச்சு. விலை எழுநூத்தி சொச்சம், அதோட ஓ ரிங்கும் கார்க் கேஸ்கட்டும் சும்மாவே குடுத்தாரு. மைக்ரோ சுவிட்ச் மட்டும் எதிர் பக்கம் இருந்துச்சு, பிராக்கெட்ட திருப்பி மாட்டுனா சரின்னாரு, அப்படித்தான் ஆச்சு.

மாட்டுறதுக்கு பூப்பாறைலேர்ந்து நமக்கு தெரிஞ்ச கேஸ் மெக்கானிக் தம்பிய கூப்பிட்டேன். தண்ணி பக்கம் நானே முடிச்சேன், உள்ள வர்ற வலை ஃபில்டர்ல இருந்த மணலையும் தட்டி எடுத்தேன். கேஸ் பக்கம் அவன் வேலை. ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் சோப்பு நுரை போட்டு பாத்தான், ஒரு இடத்துல சின்ன குமிழி வந்துச்சு, கேஸ்கட்ட மாத்தி மறுபடி போட்டான். தீக்குச்சி கிழிச்சு லீக் பாக்கிற ஆளுங்க இன்னும் இருக்காங்க, அவங்கள வீட்டுக்குள்ள விடாதீங்க. ரப்பர் டியூப்ல போட்டிருந்த வருஷத்த பாத்துட்டு அதையும் மாத்த சொன்னான், அஞ்சு வருஷம் தாண்டியிருச்சு.

இன்னொண்ணும் அவன்தான் காட்டுனான். தீ நுனி மஞ்சளா எரிஞ்சுது. நம்ம ஊரு கடல்மட்டத்துலேர்ந்து 1500 மீட்டருக்கு மேல, கீழ இருக்கிறதவிட காத்தழுத்தம் ஆறுல ஒரு பங்கு கம்மி, பர்னர்ல தூசி அடைஞ்சா காத்து இன்னும் பத்தாம போய் கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடும் வரும், அதுக்கு வாசனையே கிடையாது. பர்னர கழட்டி பிரஷ் போட்டதும் நீலம் வந்துருச்சு. பாத்ரூம் உள்ள கதவ சாத்திட்டு இந்த கீசர ஓட்டுறவங்க மேல எனக்கு கோவமே வரும், வெளிச்செவுரு இருக்கும்போது உள்ள எதுக்கு மாட்டணும்?

இப்ப குழாய மூடுனா டக்குன்னு அணையுது. பழைய வால்வுல சோலினாய்டு மட்டும் நல்லா இருந்துச்சு, மூணு ஒயர் மாடல், கழட்டி வச்சிருக்கேன், மூணாறு பக்கம் யாருக்காவது தேவைப்பட்டா சொல்லுங்க, வந்து எடுத்துக்கலாம். வால்வு உடம்ப கேக்காதீங்க, அத பித்தளை எடைக்கு போட்டாச்சு.