ஆயிரமாவது சுற்று

பெங்களூரு மடிவாளா ரூம்ல விடியக்காலை நாலரை மணி. நாலு நாளா ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் உயிரை வாங்குது. ஒரு தடவை ஓட்டினா சாது. ஆயிரம் தடவை ஓட்டினா மெமரியைத் தின்னுட்டு செத்துப்போகும். டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். பச்சையா இருக்காதா பின்னே, எல்லாமே ஒரே ஒரு தடவைதானே ஓடுது!

கடைசியில ட்ரேஸ்மாலாக் போட்டேன், எந்த வரி எவ்வளவு மெமரி எடுக்குதுன்னு காட்டுற பைத்தான் கருவி. (2014-ல வந்த பைத்தான் 3.4-லேயே இருக்கு, இத்தனை வருஷம் திரும்பிக்கூடப் பார்க்கலை.) நூறாவது சுற்றுல ஒரு ஸ்னாப்ஷாட், ஆயிரமாவதுல இன்னொன்னு. ரெண்டையும் ஒப்பிட்டா வரி நம்பரோட காட்டிக்குடுத்துடுச்சு: 'கேஷ்'னு, டேட்டாவைச் சேர்த்து வைக்கிற ஒரு டிக்‌ஷனரி, போடுறதோட சரி, பழசை அழிக்கிறதே இல்லை.

எழுதின புண்ணியவான் யாருன்னு கிட் பிளேம்ல பார்த்தேன். நான்தான்.

இனி ஒவ்வொரு கமிட்டுக்கும் (கோடை மாத்திச் சேர்க்கிற ஒவ்வொரு தடவையும்) தானாவே ஆயிரம் சுற்று ஓடும், மெமரி ஏறிக்கிட்டே போனா சிவப்பு. கீழே டீக்கடைச் சேட்டன் ஷட்டர் தூக்குறார், போறேன்.