வீடும் கதிரையும்

மட்டக்களப்பு, கல்லடியில் அக்கா வீட்டு விறாந்தையில் இருந்து இதை எழுதுகிறேன். பகல் முழுவதும் அனலாக வீசிய கச்சான் காற்று இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. எதிரே அக்காவின் மகள் ஒரு விண்ணப்பப் படிவத்தை மடியில் வைத்தபடி இருக்கிறாள். வங்கியொன்றில் பன்னிரண்டு வருட வேலை. அவள் வேலை பழக்கிக் கொடுத்த ஆண்கள் இரண்டு பேர் இன்று முகாமையாளர்கள். "சின்னம்மா, மொழி தெரியாத நாட்டுக்குப் போய் நீங்கள் எப்படி அந்த இடத்துக்கு வந்தீர்கள்?" என்று நேற்றிரவு கேட்டாள். என்னால் ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

நான் இப்போது ஒஸ்லோவில் முதியோர் பராமரிப்பு நிறுவனமொன்றின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். ஆனால் 1996 இல் நான் வந்து இறங்கியது நோர்வேயின் வடக்கு முனையில், ஃபின்மார்க்கில் ஒரு மீன்பிடி ஊரில். எங்களுக்கு முன்பே வந்த தமிழர்கள் அங்கு மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கார்த்திகைக் கடைசியில் மறைந்த சூரியன் தைப்பொங்கல் கழிந்துதான் தலை காட்டியது. முதல் வருடம் பொங்கலுக்குக் கிழக்கு எது என்று கணவரிடம் கேட்டு, இருட்டைப் பார்த்துப் பால் பொங்க வைத்தேன். அன்று அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது.

தொழிற்சாலையில் கொட் மீன் துண்டுகளில் முள் வெட்டியெடுக்கும் மேசை எனக்கு. வாவிக்கரையில் பிறந்தவளுக்கு மீன் புதிதில்லை. இரண்டு வருடத்தில் கை நன்றாக ஓடியது. மேசைக்குப் பொறுப்பாளர் இடம் காலியானபோது என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். வேறொருவரைப் போட்டார்கள். பக்கத்து மேசை நோர்வேப் பெண் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நீ கேட்டாயா?" கேட்கவில்லை. கேட்பது பேராசை என்று நினைத்து வளர்ந்தவள் நான். வேலையை ஒழுங்காகச் செய்தால் பெரியவர்கள் பார்த்துத் தருவார்கள் என்பதுதான் எங்கள் வீட்டுப் பாடம்.

மேலே போகிற பெண்களைப் பற்றிப் பேசும்போது 'கண்ணாடிக் கூரை' என்பார்கள். மரிலின் லோடன் என்ற அமெரிக்கப் பெண் 1978 இல் ஒரு கூட்டத்தில் சொன்ன சொல் அது. கூரை இருப்பது உண்மை. ஆனால் நான் பார்த்த பெண்களில் அநேகம் பேர் கூரை வரை போகவேயில்லை. முதல் படியிலேயே நின்றுவிட்டார்கள். மேசைப் பொறுப்பாளர், வாட்டு (நோயாளர் பிரிவு) பொறுப்பாளர், உதவி முகாமையாளர் என்ற அந்தச் சின்னப் படியைத் தவறவிட்டால் பிறகு இருபது வருடம் உழைத்தாலும் ஈடு செய்ய முடிவதில்லை.

2001 இல் ஒஸ்லோவுக்கு மாறினோம். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு உதவியாளராக வேலை எடுத்து, அந்தச் சம்பளத்தில் படித்துத் தாதியானேன். பிள்ளைகள் இருவரும் சின்னவர்கள். அந்த வருடங்களைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. நித்திரை இல்லாத வருடங்கள், அவ்வளவுதான். பிறகு ஒரு வாட்டுக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், நிறுவனத்தின் தலைவியாக இருந்த அம்மையார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "எல்லோருக்கும் உன்னைப் பிடிக்கும். ஆனால் காசு விசயத்தில் உன்னை யாருக்கும் தெரியாது. மேலே வர வேண்டுமென்றால் வரவு செலவைக் கையில் எடு" என்றார்.

அன்றிரவு எனக்கு அம்மம்மாவின் சீ.ஆர். கொப்பி, அந்தத் தடித்த மட்டைக் கணக்குக் கொப்பி, நினைவுக்கு வந்தது. எங்கள் தெருவில் இருபது பேர் சேர்ந்த சீட்டுக்கு அம்மம்மாதான் தாச்சி, அதாவது சீட்டை நடத்துபவர். யார் கட்டினார்கள், யாருக்கு எந்த மாதம் கழிவு, யாருடைய கணவன் தொழிலுக்குப் போகவில்லை என்பதெல்லாம் அந்தக் கொப்பியில் பென்சிலால் எழுதியிருக்கும். அம்மன் கோயில் சடங்குக்குச் செலவுக் கணக்குப் போடும் ஆண்கள், கணக்கு இடித்தால் எங்கள் படலையைத் திறந்துகொண்டு வருவார்கள். அம்மம்மா அடுப்பை விட்டு எழும்பாமலே பிழையைச் சொல்லுவார்.

மாதக் கணக்கு அறிக்கையை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மம்மாவின் கொப்பி மாதிரியே கோடு போட்டு ஆள் ஆளாக எழுதிப் பார்த்தேன். பணம் எங்கே ஒழுகுகிறது என்று மூன்றாவது இரவில் தெரிந்தது: சனி, ஞாயிறு இரவுகளுக்கு வெளி நிறுவனத்திலிருந்து எடுக்கும் தாதிகள். எங்கள் ஆட்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வார இறுதியில் வேலை செய்வது வழக்கம். அந்த அட்டவணை தொழிற்சங்கப் பிரதிநிதியோடு பேசாமல் அசையாது. ஐந்து மாதம் பேசினேன். பகுதி நேரமாக இருந்தவர்களுக்குக் கூடுதல் மணித்தியாலம் கொடுத்து, அதற்குப் பதிலாக வார இறுதியில் நீண்ட வேலை நேரங்களை ஏற்கவைத்தேன். அடுத்த வருடம் எங்கள் வாட்டு மட்டும் கணக்கில் மிச்சம் காட்டியது. அதற்குப் பிறகுதான் கூட்டங்களில் நான் பேசும்போது மற்றவர்கள் பேனாவை எடுத்தார்கள்.

அதனால் பெறாமகளுக்கு, அக்காவின் மகளுக்கு, நான் அழுத்திச் சொன்னது இதுதான்: ஆளணி, நலன்புரி, விழா ஏற்பாடு என்று நல்ல பெயர் தரும் வேலைகளை மட்டும் பெண்களிடம் தருவார்கள். அவை தேவையான வேலைகள். ஆனாலும் கடன், வைப்பு, நட்டம், இலாபம் என்று இலக்கத்தில் தெரிகிற பொறுப்பைக் கேட்டு வாங்க வேண்டும். உச்சிக் கதிரைக்கு ஆள் தேடும்போது அந்த இலக்கங்களைத்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்று, ஆலோசனை சொல்பவர் வேறு, நாம் இல்லாத அறையில் நம் பெயரைச் சொல்பவர் வேறு. ஆலோசனை எனக்கு நிறையக் கிடைத்தது. முதல் தடவை பெரிய பதவிக்கு விண்ணப்பித்தபோது, "உங்கள் குரல் மென்மையானது" என்று சொல்லி அனுப்பினார்கள். எட்டு மொழி பேசும் நூறு ஊழியர்களை அதே குரலால் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை அந்த அம்மையார் எனக்குச் சொல்லாமலே தெரிவுக் குழுவில் என் வரவு செலவு அறிக்கையை எடுத்து வைத்திருக்கிறார். அப்படி ஒருவர் கிடைப்பது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. நம் வேலையை அவர் கண்ணில் படுகிற இடத்தில் செய்ய வேண்டும்.

நோர்வேயைச் சொர்க்கம் என்று இங்கே நினைக்கிறார்கள். அங்கும் தானாக எதுவும் நடக்கவில்லை. பொதுப் பங்கு நிறுவனங்களின் பணிப்பாளர் சபையில் ஒவ்வொரு பாலாரும் குறைந்தது 40 சதவீதம் என்று 2003 இல் சட்டம் போட்டார்கள். 2008 முதல் கட்டாயம், மீறினால் நிறுவனத்தையே கலைக்கலாம். அதற்கு வழி திறந்தவர் வலதுசாரிக் கட்சியைச் சேர்ந்த ஆண் அமைச்சர், அன்ஸ்கார் கப்ரியல்சென். சபைகள் மாறின. ஆனால் அன்றாடம் நிறுவனத்தை நடத்தும் தலைமை நிறைவேற்று அதிகாரியின் கதிரையில் இன்றும் பெரும்பாலும் ஆண்கள்தான். எனக்கு அந்தச் சட்டத்தைவிட உதவியது, தந்தைக்கென்றே ஒதுக்கிய பிள்ளைப் பராமரிப்பு விடுமுறைதான். 1993 இல் நான்கு வாரத்தோடு தொடங்கினார்கள், இப்போது பதினைந்து வாரம். என் கணவர் அந்த விடுமுறையில்தான் சோறு வடிக்கப் பழகினார்.

அங்கே சட்டம் போட்டுக் கட்டியதில் பாதியை எங்கள் ஊர் எப்போதோ கட்டிவைத்திருக்கிறது என்பதை நான் அங்கே போய்த்தான் உணர்ந்தேன். மட்டக்களப்பில் குடி என்ற குலப் பிரிவு தாய்வழியில் வருகிறது. வீடு மகளுக்கு, மருமகன்தான் வந்து சேருவார். தாயும் சகோதரிகளும் ஒரே வளவில். ஃபின்மார்க்கில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான் தனித்துத் தவித்தேன். இங்கே அக்காவின் மகளுக்கு அடுப்படியில் தாய், வேலிக்கு அப்பால் சித்தி. ஆனால் அந்தக் குடியின் சார்பில் கோயிலில் நின்ற வண்ணக்கர், அதாவது கோயில் நிர்வாகப் பொறுப்பாளர், யார்? அம்மம்மாவின் தம்பி. அவருக்குப் பிறகு என் மாமா. உரிமை அம்மம்மாவின் வழியாகத்தான் போனது. கதிரை அவருக்கு வரவில்லை, அவரும் கேட்கவில்லை.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு எங்கள் கச்சேரியே, மாவட்டச் செயலகமே, சாட்சி. மட்டக்களப்பு அரசாங்க அதிபராக பி.எஸ்.எம். சார்ள்ஸ், கலாமதி பத்மராஜா, ஜஸ்டினா முரளிதரன் என்று பெண்கள் இருந்திருக்கிறார்கள். சார்ள்ஸ் பிறகு சுங்கத் திணைக்களத்துக்குப் பணிப்பாளர் நாயகமாகவும் வடமாகாணத்துக்கு ஆளுநராகவும் போனார்.

பெறாமகளின் சிக்கல் இடமாற்றம். பதவி உயர்வு எடுத்தால் திருகோணமலைக்குப் போக வேண்டும். மகனுக்கு ஏழு வயது. "அவர் சம்மதிக்கமாட்டார்" என்றாள். "கேட்டாயா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். துருவலையை நிறுத்திவிட்டு அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்: "பிள்ளை என்னோடு இருப்பான். வெள்ளிக்கிழமை பின்னேரம் திருகோணமலையில் இருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் விசாரி."

அவள் பேனாவைத் தேடுகிறாள். என்னுடையதைக் கொடுத்துவிட்டதால் மீதியைப் பென்சிலால் எழுதி முடித்தேன்.