ஜூன் 11 வரை

2025 ஜனவரி 22, புதன்

கூட்டம் ரத்து. ஒரு வரி மின்னஞ்சல், காரணம் எழுதவில்லை. இன்னாருடைய கூட்டம், இன்ன நாள் கூட்டம் என்றில்லை, அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுக்குப் பணம் தரும் அரசு அமைப்பான என்.ஐ.எச்.சின் மதிப்பீட்டுக் குழுக்கள் எல்லாமே அப்படியே நிற்கின்றனவாம். இளம் ஆய்வாளர்களுக்கான கே99 மானியத்துக்கு நான் போட்ட விண்ணப்பம் பிப்ரவரியில் எடுக்கப்பட வேண்டியது. பிஎச்.டி. முடிந்து நான்கு ஆண்டுக்குள்தான் அதைப் போட முடியும், எனக்கு அந்த நான்கு முடியப்போகிறது. பேராசிரியர் ஒரு வாரம் பொறுக்கச் சொல்கிறார்.

ஜனவரி 28, செவ்வாய்

நேற்று இரவு எல்லா மானியத்தையும் நிறுத்தச் சொல்லி வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத்தின் சுற்றறிக்கை. இன்று மாலை நீதிமன்றத் தடை. நடுவில் ஒன்றும் ஓடவில்லை, கீழே எலி அறைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். 317-ஆம் எண் எலி தூங்கிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் அறிவிப்பு. என்.ஐ.எச். மானியங்களில் மறைமுகச் செலவு இனி 15 சதவீதம்தான், திங்கட்கிழமை முதல். இதுவரை சராசரி 27, 28 சதவீதம், பெரிய ஆய்வு நிறுவனங்கள் சிலவற்றில் பாதிக்கும் மேல். 2023 நிதியாண்டில் 3,500 கோடி டாலரில் சுமார் 900 கோடி இந்தத் தலைப்பில் போனதாக அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். மறைமுகம் என்று பெயர் வைத்ததுதான் தப்பு என்று தோன்றுகிறது, கேட்கிறவர்களுக்கு ஏதோ ஒளித்து வைத்த பணம் போல இருக்கிறது. எனக்கு அது தினமும் கண்ணில் படுகிறது. எலி அறையின் காற்றை மணிக்குப் பத்துப் பதினைந்து தடவை மாற்றும் இயந்திரம். மைனஸ் 80 டிகிரி உறைபெட்டிக்கான மின்சாரம். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பெட்டியின் அலாரம் அடித்தால் எழுந்து ஓடி வருகிற மனிதர். விலங்கு மருத்துவர், கழிவை எடுத்துப் போகிறவர், கூண்டு கழுவுகிறவர். நான் ஒரு எலிக்கு ஒரு துளி மருந்து கொடுப்பதற்குள் இத்தனை கை பட்டாக வேண்டும். இதில் எந்தக் கையை வெட்டுவார்கள்?

தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

22 மாநிலங்கள் வழக்குப் போட்டு, பாஸ்டனில் நீதிபதி ஏஞ்சல் கெல்லி தடை கொடுத்துவிட்டார். அக்கா போன் செய்தாள். "அதான் தடை வந்தாச்சே, அப்புறம் என்ன?" சரிதான் என்றேன். போனை வைத்த பிறகும் மனசு ஆறவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

கூட்டங்கள் ஏன் இன்னும் நடக்கவில்லை என்று இன்றுதான் புரிந்தது. மதிப்பீட்டுக் குழு கூடுவதென்றால் 15 நாள் முன்னதாக அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பை அனுப்புவதைத்தான் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பணம் நிறுத்தப்படவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லிக்கொள்ளலாம், குழு கூடாவிட்டால் பணம் எப்படி வரும்?

மார்ச் 3, திங்கள்

317-இன் இடது காதில் ஒரு சின்னப் பிளவு. குட்டியில் அண்ணன் தம்பிகளோடு போட்ட சண்டை. முதுகில் ரோமம் கொட்டி வெள்ளையாகிவிட்டது. பிறந்தது 2023 ஜூன் 11. தண்ணீர்த் தொட்டிச் சோதனையை ஆறு மாதத்தில், பன்னிரண்டில், பதினெட்டில் செய்தாகிவிட்டது, கடைசி இருபத்துநான்கில். தொட்டித் தண்ணீரில் வெள்ளைச் சாயம் கலந்திருப்போம், அடியில் மேடை இருப்பது தெரியாது, சுவரில் ஒட்டிய முக்கோணத்தையும் வட்டத்தையும் பார்த்து எலி அதன் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்தில் 9 விநாடியில் போய் ஏறியது. டிசம்பரில் 31 விநாடி. மேடைக்குப் பக்கத்தில் வந்து, திரும்பிப் போய், சுவரோரமாக ஒரு சுற்று, மறுபடி வந்து ஏறியது. அந்தத் திரும்பிப் போவதில்தான் என் ஆய்வே இருக்கிறது. வந்த இடம் இதுதான் என்று தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அந்த நிலை. மனிதர்களுக்கும் மறதி நோய் அங்கேதான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

ஜூன் 11 வரை இருந்தால் போதும்.

மார்ச் 7, வெள்ளி

வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தில் அறிவியலுக்கான பேரணி. விசாவை நினைத்து நான் போகவில்லை. அதற்காக வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

என்.ஐ.எச். அடங்கிய சுகாதாரத் துறையில் 10,000 பேரை நீக்கும் திட்டம், விடியும் முன்பே கடிதங்கள். வாசலில் அட்டையைத் தேய்த்தபோது கதவு திறக்காமல்தான் சிலருக்கு வேலை போனதே தெரிந்ததாம். எங்கள் மானியத்தைப் பார்த்துவந்த அதிகாரிக்கு எழுதினேன், மின்னஞ்சல் திரும்பி வந்துவிட்டது. எத்தனையோ தடவை பொறுமையாகப் பதில் சொன்னவர்.

ஏப்ரல் 16, புதன்

எங்கள் ஆய்வக மானியத்தின் இந்த ஆண்டுத் தவணை வரவில்லை. மறுப்பும் வரவில்லை. கையிருப்பில் சம்பளமா, கூண்டா என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். 28 கூண்டு, ஒவ்வொன்றுக்கும் நாள் வாடகை. ஏழெட்டு வாரம்தானே என்று கெஞ்சினேன். பேராசிரியர் நிமிர்ந்து பார்க்காமல் பேசினார், அவருக்கும் முடியவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். ஆய்வகத்தில் இதற்கு சாக்ரிஃபைஸ் என்றுதான் சொல்வோம், பலி. எதையாவது பெற்றுக்கொண்டு கொடுப்பதுதான் பலி. இன்று என்ன பெற்றோம்? மூளைகளை எடுத்து உறைய வைத்திருக்கிறோம், ஆனால் 22 மாத மூளையை 24 மாதக் கணக்கில் சேர்க்க முடியாது.

317-ஐ நானே தூக்கினேன். கிழ எலிகள் கையில் திமிறுவதில்லை, விரலிடுக்கில் மூக்கை நுழைத்துக்கொள்ளும். கூண்டு அட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன், அது விதிப்படி சரியா என்று தெரியாது.

இன்னும் ஏழு வாரம் இருந்தது.

மே 2, வெள்ளி

அடுத்த ஆண்டு பட்ஜெட் முன்மொழிவு வந்திருக்கிறது, என்.ஐ.எச்.சுக்குச் சுமார் 40 சதவீதம் வெட்டு. படித்துவிட்டு மூடிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

இன்று.

ஜூன் 16, திங்கள்

என்.ஐ.எச். ரத்து செய்த நூற்றுக்கணக்கான மானியங்களைத் திருப்பித் தரச் சொல்லி நீதிபதி வில்லியம் யங் தீர்ப்பு. அக்காவுக்கு என்னைவிடச் சந்தோஷம். "பாத்தியா, நான் சொன்னேன்ல?" எங்களுடையது ரத்தாகவே இல்லை அக்கா, தாமதம்தான் என்றேன். "தாமதம்னா வந்துடும்ல?" அவளிடம் எலிகளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

தவணை வந்துவிட்டது. முழுத் தொகை, ஒரு டாலர் குறையவில்லை. ஆய்வகத்தில் யாரோ கைதட்டினார்கள், நானும் தட்டினேன், அப்புறம் உறைபெட்டி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 30, திங்கள்

புதுக் குட்டிகள். ரோமம் முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை, தோல் வழியாகப் பால் குடித்த வயிறு வெள்ளையாகத் தெரிகிறது. புது அட்டையில் பிறந்த தேதி எழுதினேன். பக்கத்திலேயே 24 மாதத் தேதியும் எழுத வேண்டும்: 2027 ஜூன் 29. எழுதும்போது கை நின்றது.

ஜூலை 8, செவ்வாய்

கே99: நிலுவை.

என் ஒப்பந்தம் எதுவரை என்று பேராசிரியர் கேட்டார். டிசம்பர் என்றேன்.