காலிக் கோட்டையில் ஒரு கல்லைத் தேடி

கொழும்பிலிருந்து காலிக்கு ரயிலில் போனால் வலப்பக்கம் உட்காருங்கள். பாதி வழி கடல் கூடவே வரும். நான் இடப்பக்கம் உட்கார்ந்து மூன்று மணி நேரம் தென்னைமரம் பார்த்தேன். அன்றைக்குச் செய்த முதல் முட்டாள்தனம் அது.

காலிக்குப் போனதே ஒரு கல்லுக்காகத்தான். சீனத் தளபதி செங் ஹே 1409-இல் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் பொறித்துக் கொண்டுவந்த கல். சீனப் பகுதி புத்தருக்கு, பாரசீகப் பகுதி அல்லாவுக்கு, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற பெருமாளுக்கு. பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம் என்று காணிக்கைக் கணக்கும் உண்டு. போர்த்துக்கீசியர் வருவதற்கு நூறு வருடம் முன்பே இந்தக் கரையில் வியாபாரம் பேசத் தமிழ் தேவைப்பட்டிருக்கிறது!

கோட்டையின் பழைய வாசலுக்குக் கீழே நின்றேன். வெளிப்பக்கம் ஆங்கிலேயரின் அரசச் சின்னம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் டச்சுக் கம்பெனியின் முத்திரை: இரண்டு சிங்கங்கள், நடுவே எழுத்துகள், கீழே 1669, உச்சியில் ஒரு சேவல். பாசி பிடித்திருந்தாலும் அந்தச் சேவலின் மிடுக்கு குறையவில்லை. போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் 1640-இல் பிடித்தது. 1796-இல் ஆங்கிலேயரிடம் போனது. கொழும்புத் துறைமுகம் பெரிதானதும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. இடித்துக் கட்டக் காசு புழங்காததால்தான் இந்தத் தெருக்கள் தப்பின என்பது என் கணக்கு.

மதில்மேல் ஏறி நடந்தேன். கலங்கரை விளக்கத்துக்கு எதிரே வெள்ளைக் கட்டடம் ஒன்று, இரட்டைக் கோபுரத்தோடு. தேவாலயம் என்றே நினைத்தேன். கிட்டப் போனால் மீரான் பள்ளிவாசல். வடக்கே, மதிலுக்கு வெளியே கிரிக்கெட் மைதானம். 2010-இல் முரளிதரன் 800-வது விக்கெட்டை எடுத்தது இங்கேதான். அவுட் ஆனவர் நம்ம ஓஜா. சரி, விடுங்கள். 2004-இல் சுனாமி இந்த மைதானத்தையும் பேருந்து நிலையத்தையும் வாரிச் சுருட்டியபோது, மதிலுக்கு உள்ளே பெரிய சேதமில்லை.

ஒரு சின்னக் கடையில் இஞ்சித் தேநீர் குடித்துக்கொண்டே, தொப்பி போட்டிருந்த கடைக்காரப் பெரியவரிடம் கல்லைப் பற்றிக் கேட்டேன். தமிழிலேயே பதில் வந்தது.

"அது இங்க இல்ல தம்பி. கொழும்பு மியூசியத்துலதானே ஈக்கி."

'ஈக்கி' என்றால் 'இருக்கிறது' என்று புரிய ஒரு வினாடி ஆனது. மற்றது புரிய இன்னும் கொஞ்சம் நேரமானது. முந்தின நாள் அந்த மியூசியம் இருக்கும் வழியாகத்தான் ஆட்டோவில் போயிருந்தேன்.

1911-இல் அந்தக் கல் கிடைத்தது காலியில்தான். சாக்கடைமேல் போட்ட சிறுபாலத்தில், எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்ந்து கிடந்ததாம். ஆங்கிலத்தில் 'கல்வர்ட்' எனப்படும் அந்தச் சிறுபாலத்தையும் நம் ஊர்க் கான்ட்ராக்டர்கள் கல்வெட்டு என்றுதானே சொல்கிறார்கள்!

பெரியவர் தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார். மதில் ஓரம் இறால் வடை வாங்கிக்கொண்டு நிலையத்துக்கு ஓடினேன். கொழும்பில் இறங்கும்போது இரவு ஏழரை. மியூசியம் மூடியாகிவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சென்னை விமானம். திரும்பும்போதாவது கடல் பக்க ஜன்னல் கிடைத்தது, ஆனால் இருட்டிவிட்டது.