டிபி9 கூட்டுக்குள் ஒரு பிசிபி

எடை மெஷினின் சீரியல் போர்ட்டில் வருவது ஆர்எஸ்232 சிக்னல்; அதை ஈஎஸ்பி32 என்ற மைக்ரோகன்ட்ரோலரோடு இணைக்க வோல்டேஜை மாற்ற வேண்டும். அதற்காக நடுவில் தனியாக ஒரு டப்பா வைப்பது எனக்குப் பிடிப்பதே இல்லை. குடோனில் மூட்டையை இழுக்கும்போது அதுதான் முதலில் வயரோடு பிடுங்கிக்கொண்டு வரும். டிபி9 என்ற ஒன்பது பின் சீரியல் கனெக்டரின் கூட்டுக்குள் இடம் சும்மாதானே கிடக்கிறது? வோல்டேஜை மாற்றும் மாக்ஸ்3232 ஐசியின் சர்க்யூட்டை அங்கேயே வைத்துவிடுகிறேன்.

சால்டர் கப் வகை, அதாவது வயரை வைத்து சால்டர் செய்யப் பின்னால் குழிகள் உள்ள கனெக்டரைத் திருப்பிப் பாருங்கள். ஒரு வரிசையில் ஐந்து குழி, மறுவரிசையில் நான்கு. இரண்டு வரிசைக்கும் மையத்துக்கு மையம் 2.84 மி.மீ. சாதாரண 1.6 மி.மீ. பிசிபியின் (சர்க்யூட் போர்டின்) ஓரம் அந்தச் சந்தில் சொருகி நிற்கும், ஸ்க்ரூவே வேண்டாம். எத்தனை முறை செய்தாலும் அது உட்காரும் விதம் எனக்குச் சந்தோஷம்தான். போர்டின் ஒரு முகத்தில் ஐந்து பேட் (சால்டர் செய்யும் செம்புப் பரப்பு), மறுமுகத்தில் நான்கு, அரை இடைவெளி தள்ளி. பேட்டுக்குப் பேட் 2.77 மி.மீ. பழக்கத்தில் 2.54 என்று வரைந்தால் நடுப்பின் சரியாக இருக்கும், ஓரத்துப் பின்கள் கிட்டத்தட்ட அரை மி.மீ. விலகிவிடும். முதலில் நடுப்பின்னை மட்டும் சால்டர் செய்து, போர்டு நேராக நிற்கிறதா பார்த்து, அப்புறம் மற்றவை.

இதே வேலையைச் செய்யும் பழைய மாக்ஸ்232க்கு 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் வேண்டும். உயரமான எலக்ட்ரோலிட்டிக் போட்டால் கூடு மூடாது. மாக்ஸ்3232க்கு 3.3 வோல்ட்டில் 0.1 மைக்ரோஃபாரட் போதும், தட்டையான செராமிக்கிலேயே முடிந்துவிடும். டேட்டா அனுப்பும், வாங்கும் பின்களான 2, 3 இரண்டும் மெஷினுக்கு மெஷின் இடம் மாறுவதால், சால்டர் பொட்டு வைத்து மாற்றிக்கொள்ளும்படி ஜம்பர் பேட் விட்டிருக்கிறேன்.

கூடு வாங்கும்போது ஒரு விஷயம். வெள்ளிபோல மினுங்கும் பிளாஸ்டிக் கூடுகளில் உலோகப் பூச்சு இருக்கும், கரண்ட் பாயும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, போர்டைச் சுற்றி காப்டன் (Kapton) என்ற கரண்ட் பாயாத டேப் ஒட்டுங்கள். கூட்டின் கிளாம்ப் கேபிளின் வெளித்தோலைப் பிடிக்க வேண்டும், உள்ளே வயர்கள் கொஞ்சம் தளர்வாக வளைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் இழுப்பு முழுவதும் பேட்டுக்குப் போய், அது பிசிபியிலிருந்து பெயர்ந்து வரும்.

போர்டு மெஷின் பக்கம் இருந்தால் கேபிளில் ஓடுவது வெறும் 3.3 வோல்ட் சிக்னல், இரைச்சலைத் தாங்காது. ஒரு மீட்டருக்குள் என்றால் இப்படியே விடுவேன். நீளமாகப் போக வேண்டியிருந்தால் ஈஎஸ்பி பக்கத்துக் கனெக்டருக்குள் போர்டை வைத்து, கேபிளில் ஆர்எஸ்232 சிக்னலையே ஓட விடுகிறேன்.